காத்தாடி, பட்டு, அப்புறம் கொஞ்சம் ஆகாசம்

பாராகிளைடிங் கத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னா எங்க தெருவுல மூணே மூணு கேள்விதான் வரும். ஒண்ணு, “ஃபாரின் போயா கத்துக்கிற?” ரெண்டு, “எவ்ளோ ஆச்சு?” மூணு, “உங்க அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் ஒரு பதிவாவே போட்டுடலாம்னு உட்கார்ந்துட்டேன். இனிமே யாராவது கேட்டா சுட்டியைக் கொடுத்துட்டு எஸ்கேப் ஆயிடலாம் பாருங்க.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். ஊரு காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். தறிக்கார வீடு. அப்பா இன்னைக்கும் தறியில உட்காருறார். நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், பண்றது சென்னையில பொட்டி தட்டுற வேலை. (எந்தப் பிராஞ்ச் படிச்சாலும் கடைசியில சாஃப்ட்வேர்ல போய் நிக்கிறதுதானே நம்ம தலையெழுத்து.) பட்டம் வாங்கினவன் இப்ப பட்டம் விடப் போறான்னு எங்க பெரியப்பா கிண்டல் பண்றார். பண்ணட்டும். அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, பின்னாடி வர்றேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கேள்வி ஒண்ணு: ஃபாரின் போயா?

இல்லீங்க. புனேவுக்கும் லோனாவாலாவுக்கும் நடுவுல இருக்கிற காம்ஷேத் மலைகள்ல. ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற நினைப்பைப் பத்திதான் பேசணும். பறக்கிற விளையாட்டுன்னா அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாதுங்கற நினைப்பு. மத்த ஊர்க்காரன் சொன்னாக்கூட விட்டுடலாம். பட்டு நெய்ற ஊர்க்காரன் சொல்லலாமா?

மனுஷன் மேல போனது முக்காவாசி துணியை நம்பித்தான். 1783 ஆகஸ்ட் 27ஆம் தேதி பாரீஸ்ல ஜாக் சார்லஸ்னு ஒருத்தர் ஹைட்ரஜன் பலூன் விட்டார். ஆள் ஏறாத பலூன். அதோட மேல்துணி என்னங்கறீங்க? ரப்பர் பூசின பட்டு. (அது ஒரு கிராமத்துல போய் விழுந்ததும், ஏதோ பிசாசுன்னு நினைச்சு ஊர்க்காரங்க அதைக் குத்திக் கிழிச்சுட்டாங்க, பாவம்.) 1797 அக்டோபர் 22 அன்னைக்கு அதே பாரீஸ்ல கார்னெரின்ங்கறவர் பலூன்ல மேல போய், கயிறை அறுத்துவிட்டு, பாராசூட்ல இறங்கினார். அதுவும் பட்டு. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்ல இருந்து பட்டு வர்றது நின்னு நைலான் அந்த இடத்தைப் பிடிக்கிற வரைக்கும், பாராசூட்டுன்னா பெரும்பாலும் பட்டுதான்.

இன்னொண்ணு கேளுங்க. பாராசூட்டால உயிர் பிழைச்ச விமானிகளுக்குன்னு 1922ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சேர்றவங்களுக்குச் சட்டையில குத்திக்க ஒரு சின்னப் புழு உருவம் கொடுப்பாங்க. சங்கத்தோட பேரே கேட்டர்பில்லர் கிளப். எந்தப் புழுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? தன் உயிரைக் காப்பாத்தின நூலுக்கு அந்த ஆளுங்க காட்டின மரியாதை அது. பட்டாலேயே சாப்பிடுற ஊர்ல இந்தக் கதை ஒருத்தருக்கும் தெரியாது.

காஞ்சிப் பட்டுல பாராசூட் செஞ்சாங்கன்னு நான் கதை விட வரலை. நூலையும் நெசவையும் புரிஞ்சுக்கிட்டவனுக்கு இந்த விளையாட்டு ஒண்ணும் அந்நியம் இல்லைங்கறதுதான் பாயிண்ட்.

பெரியப்பாவோட காத்தாடிக் கிண்டலுக்கு இப்ப வர்றேன். 1948ல ரொகாலோன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், வீட்டுக்காரம்மாவோட சேர்ந்து சமையலறை ஜன்னல் திரைச்சீலையைத் தைச்சு ஒரு காத்தாடி பண்ணினார். குச்சியே இல்லாம மடங்கற காத்தாடி. பின்னாடி வந்த ஹேங் கிளைடருக்கு அதான் தாத்தா. டொமினா ஜால்பெர்ட்னு இன்னொருத்தர். தொழில்முறையா காத்தாடி பண்றவர். 1960கள்ல, முன்பக்கம் வாய் திறந்த துணிப்பைகளை வரிசையா தைச்சு, காத்து உள்ள புகுந்ததும் விமான இறக்கை மாதிரி உப்பிக்கிற ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதை பாராசூட்காரங்க எடுத்துக்கிட்டாங்க. 1978ல பிரான்ஸ்ல மியூசிங்கற ஊர்ல மூணு பாராசூட்காரங்க, “விமானத்துக்கு எதுக்குடா காசு கொடுக்கணும்?”ங்கற மாதிரி யோசிச்சு, மலைச்சரிவுல இருந்து ஓடியே கிளம்பிட்டாங்க. பாராகிளைடிங் பரவினது அங்கேருந்துதான். ஆக, பெரியப்பா, நான் விடுறது பட்டமேதான். என்ன, நூலோட மறுமுனையில நானே தொங்குறேன், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கும் இதுல பாத்தியதை இருக்கு. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர். 1910 மார்ச்லயே மெட்ராஸ்ல விமானம் பறந்தாச்சு. பறக்கவிட்டது ராணுவமோ கவர்னரோ இல்லை. மவுண்ட் ரோட்ல ஓட்டல் நடத்தின டி ஆஞ்சலிஸ்ங்கறவர், சிம்ப்சன் கம்பெனியில விமானத்தைக் கட்டவச்சு, ஊரைக் கூட்டிக் காட்டினார். இந்திய மண்ணுல நடந்த முதல் விமானப் பறத்தல்கள்ல அதுவும் ஒண்ணு. ஒரு ஓட்டல்காரர், ஆசைக்காக. ஏழே வருஷத்துல மெட்ராஸைத் தொட்ட ஆசை, நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அங்கேருந்து எழுபத்தஞ்சு கிலோமீட்டர்ல இருக்கிற பிள்ளையார்பாளையத்துக்கு வரலைன்னா, தப்பு ஆசை மேல இல்லை.

கேள்வி ரெண்டு: எவ்ளோ ஆச்சு?

நேர்மையா சொல்லிடறேன். ஆரம்பப் பயிற்சிக்கு நான் கட்டினது ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலை. பயிற்சிக்கான சாமான் எல்லாம் அவங்களே கொடுப்பாங்க. சொந்தமா புதுசா வாங்கினா, இறக்கை, ஹார்னஸ், ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட்னு சேர்த்து ஒரு புல்லட் விலையைத் தாண்டிடும். நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட். ஈஎம்ஐ போட்டு பைக் வாங்கற எந்தப் பையனுக்கும் எட்டாத விஷயம் இல்லை.

அப்ப எது எட்டாத விஷயம்? தூரமும் லீவும்.

சென்ட்ரல்ல ரயில் ஏறினா புனேவுக்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரம். அங்கேருந்து லோக்கல் டிரெயின். மேனேஜர் கையில கால்ல விழுந்து நாலு நாள் லீவு வாங்கிப் போனா, ரெண்டு நாள் காத்து சரியில்லைன்னு மலையடிவாரத்துல உட்கார்ந்து வடாபாவ் சாப்பிட்டுட்டு வரணும். நல்ல நாள் கிடைச்சாலும் கணக்கைப் பாருங்க. பயிற்சி மலை நூறு மீட்டர் உயரம்னு வச்சுக்குங்க, நம்ம ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைப் போல ஒண்ணே முக்கால் மடங்கு. ஆரம்பநிலை இறக்கை ஒரு மீட்டர் இறங்கறதுக்குள்ள எட்டு மீட்டர் முன்னாடி போகும். அதாவது எண்ணூறு மீட்டர். நேரம்? ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக முதுகுல பதினஞ்சு கிலோ மூட்டையோட அரை மணி நேரம் மலையேறணும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. பணக்கார விளையாட்டாம்ல? கல்யாண மண்டபத்துல மூட்டை தூக்கற மாதிரிதான் இருக்கும்.

இந்த இடத்துல என் சித்தப்பா பையனைப் பத்திச் சொல்லணும். என்னை விட மூணு வயசு சின்னவன். ப்ளஸ் டூவோட நிறுத்திட்டான். தறியில உட்கார்ந்து பத்து வருஷம் ஆகப் போகுது.

போன வருஷம் இறக்கையை ஊருக்கு எடுத்துட்டு வந்து, வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில விரிச்சேன், பூஞ்சை ஏதாவது பிடிச்சிருக்கான்னு பார்க்க. அப்பா மேல வந்தார். வழக்கமா என் சமாச்சாரம் எதுலயும் அவர் தலையிட மாட்டார். குனிஞ்சு துணியை ரெண்டு விரல்ல எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பார்த்தார். அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்.

“கட்டம் போட்டிருக்கான் பார்றா. பாவுலயும் சரி, ஊடையிலயும் சரி, இத்தனை இழைக்கு ஒரு தடிச்ச இழை ஓட்டியிருக்கான். அழகுக்கு இல்ல. கிழிஞ்சா அந்தக் கட்டத்தோட நின்னுடும்.”

நான் அசந்துட்டேன். ரிப்ஸ்டாப் நெசவுன்னு இதுக்குப் பேரு. பயிற்சி வகுப்புல எங்களுக்கு இதை ஒரு ஸ்லைடு போட்டு விளக்கினாங்க. அப்பா தொட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டார். பாலும் பழமும் கட்டம் போட்டு எத்தனையோ புடவை நெஞ்ச கை அது. அப்புறம் ஒரு மனக்கணக்கு வேற போட்டார்: மேல்துணி, கீழ்த்துணி ரெண்டையும் சேர்த்தா எட்டுப் புடவைத் துணி இருக்கும்னு. இருபத்தஞ்சு சதுர மீட்டர் இறக்கைக்கு அது கிட்டத்தட்ட சரியான கணக்கு.

அதுக்குள்ள தம்பி லைன்கள்ல கை வச்சிருந்தான். பாராகிளைடர்ல இறக்கைக்கும் ஆளுக்கும் நடுவுல மெலிசான கயிறுகள் கொத்துக் கொத்தா போகும். அதுல முடிச்சு விழுந்தா ஆரம்பக்காரங்களுக்குக் கண்ணு கட்டிரும். நான் கால் மணி நேரமா மல்லுக்கட்டிட்டிருந்த சிக்கலை, அவன் ரெண்டே நிமிஷத்துல, இழுக்காம, அவசரப்படாம எடுத்துட்டான். அறுந்த பாவு இழையை தினம் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போடறவனுக்கு இது எம்மாத்திரம்? எடுத்துட்டுக் கேட்டான், “அண்ணா, எனக்கும் கத்துக் குடுப்பாங்களா?”

பதில் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கத்துக் கொடுப்பாங்க. ஆனா தறிக்காரனுக்கு ஏது லீவு? புடவை இறங்கினாத்தான் கூலி. ஒரு வாரம் தறி நின்னா ஒரு வாரக் காசு போச்சு. புனேவுக்குப் போக வர டிக்கெட், தங்கற செலவு, ஃபீஸ், அதுக்கு மேல இழந்த கூலி. எனக்கு ஒரு போன் விலைன்னா அவனுக்கு அது நாலு மாச வீட்டுச் செலவு. ஹிந்தியும் இங்கிலீஷும் தெரியாதது தனிக்கதை. என்னை விட அவனுக்குக் கை சுத்தம், பொறுமையும் ஜாஸ்தி. நான் பறக்கிறேன், அவன் கீழ இருக்கான். நடுவுல இருக்கிற வித்தியாசம் தைரியமோ திறமையோ இல்லை. எனக்கு சம்பளத்தோட லீவு உண்டு, அவனுக்கு இல்லை. இது எனக்கு உறுத்துது. இந்தப் பதிவே அந்த உறுத்தல்ல எழுதறதுதான்.

கேள்வி மூணு: அம்மா ஒண்ணும் சொல்லலையா?

சொன்னாங்க. “சொல்லாம போகாதே. கீழ இறங்கினதும் போன் பண்ணு” அப்படின்னு. அவ்வளவுதான். ஆனா அந்த போன் வர்ற வரைக்கும் அவங்க அடுப்பு பத்த வைக்க மாட்டாங்கன்னு தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

ஆபத்தே இல்லைன்னு சொல்ற பாராகிளைடிங் ஆளு யாராவது கிடைச்சா, தயவுசெஞ்சு அவன்கிட்ட போகாதீங்க. பைக் ஓட்டறதை விட சேஃப்னு சில பேர் அளப்பாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பறக்கிறவங்க எண்ணிக்கையே கொஞ்சம், ஒப்பிடறதுல அர்த்தம் இல்லை. ஆனா செய்தியில வர்ற விபத்துகளைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

2023 மார்ச்ல வர்க்கலா கடற்கரையில ஒரு பாராகிளைடர் உயர்கோபுர மின்விளக்குக் கம்பத்துல மாட்டிக்கிச்சு. கோயமுத்தூர்ல இருந்து போன ஒரு பெண்ணும், கூட்டிட்டுப் பறந்தவரும் அந்தரத்துல தொங்கினதை டிவியில பார்த்திருப்பீங்க. நல்லவேளை, ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க. 2025 ஜனவரியில கோவாவுல கேரிங்கற இடத்துல ஒரு பெண்ணும் ஓட்டினவரும் செத்தே போனாங்க. உரிய அனுமதி இல்லாம நடத்தினதா போலீஸ் கேஸ் போட்டாங்க. இந்த ரெண்டுலயும் ஒரு பொது விஷயம் இருக்கு. ரெண்டுமே டேண்டம், அதாவது காசு கொடுத்து இன்னொருத்தர் மடியில உட்கார்ந்து போற சவாரி.

நான் சொல்ல வர்றது இதுதான்: சவாரி வேற, பறக்கிறது வேற. சவாரி போறவனுக்கு எதுவும் தெரியாது. காத்து எவ்வளவு, எந்தப் பக்கம், ஓட்டறவர்கிட்ட லைசன்ஸ் இருக்கா, ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியா எப்ப பிரிச்சு மடிச்சாங்க, ஒண்ணும் தெரியாது. கேட்கவும் தெரியாது. ஒரு மலைவாசஸ்தலத்துல நானே பார்த்தேன். பின்னாடி க்யூ நிக்குதுன்னு ஒரு பெரியவருக்கு ஹெல்மெட் பட்டையைக்கூட மாட்டாம கிளப்பப் பார்த்தாங்க. க்யூவுல நின்ன ஒருத்தருக்கும் அது தப்புன்னு தெரியலை. செல்ஃபி எடுத்துட்டிருந்தாங்க.

கத்துக்கிட்டவன் அப்படி நிக்க மாட்டான். எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே, ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி வரிசையா சரிபார்க்கறதுதான். ஹெல்மெட், தொடைப்பட்டை, லைன், இறக்கை, காத்து. தொடைப்பட்டையை மாட்ட மறந்து செத்தவங்க எல்லாம் பெரிய கில்லாடிங்கதான். ரெண்டாவது நாள் சொல்லிக் கொடுத்தது, மலையேறிட்டு, காத்தைப் பார்த்துட்டு, “இன்னைக்கு வேண்டாம்”னு மூட்டையை மடிச்சுட்டு நடந்து இறங்கறது. அதான் கஷ்டமான பாடம். பறக்கிறவன்னா துணிஞ்ச கட்டைன்னு நினைக்கிறாங்க. உண்மையில காத்திருக்கத் தெரிஞ்சவன்தான் ரொம்ப நாள் பறக்கிறான்.

மாஞ்சா விஷயத்துலயும் இதேதான் நடந்துச்சு. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து எத்தனை பேர் போனாங்க, குழந்தைங்க உட்பட. 2017ல பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஆபத்தில்லாம காத்தாடி விட ஒரு மைதானம் ஒதுக்கி, சாதா நூல்ல விடறதைப் பழக்கினோமா? இல்லை. விளைவு, கள்ளத்தனமா மாஞ்சா விடறவன் இன்னமும் விடறான், ஒழுங்கா விட்டிருக்க வேண்டிய பசங்க காத்தாடியையே மறந்துட்டாங்க. தடை போடறது பாதி வேலைதான். மீதி பாதி, கத்துக்கொடுக்கறது.

அப்போ பரந்தூர் ஏர்போர்ட்டுக்கு நீ ஆதரவா?

இது நாலாவது கேள்வி. இப்பல்லாம் அடிக்கடி வருது. விமானப் பைத்தியம்னு பேர் எடுத்ததால, எங்க மாவட்டத்துல வரப்போற ஏர்போர்ட்டுக்கு நான் குதிச்சு கும்மாளம் போடுவேன்னு நண்பர்கள் எதிர்பார்க்கிறாங்க. சென்னையோட ரெண்டாவது விமான நிலையத்துக்கு பரந்தூர்னு 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. 2025 ஏப்ரல்ல மத்திய அரசு கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்துச்சு. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல. அதுல வயலும் ஏரியும் அடக்கம். ஏகனாபுரம் ஜனங்க 2022ல இருந்து கிராமசபை கிராமசபையா தீர்மானம் போட்டுப் போராடினதை நம்ம மாவட்டத்துல பார்க்காதவங்க கிடையாது.

என் பதில்: பறக்கற ஆசையையும் ஏர்போர்ட்டையும் ஒரே கூடையில போடாதீங்க. ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து தூங்கறது பறக்கிறது இல்லை, அது பிரயாணம். எங்க விளையாட்டுக்கு ஓடுதளம் வேண்டாம். ஒரு சரிவு, இறங்க ஒரு வெட்டவெளி, அவ்வளவுதான். யாரோட வீட்டையும் இடிக்க வேண்டாம், எந்த ஏரியையும் தூர்க்க வேண்டாம். ஏர்போர்ட் வேணுமா வேண்டாமான்னு சொல்ல வேண்டியது நிலத்தைக் கொடுக்கிறவங்க. “உனக்குத்தான் பறக்கப் பிடிக்குமே”ன்னு என் ஆசையை அதுக்கு சாட்சி கூப்பிடாதீங்க.

இன்னொரு நடைமுறை உண்மையும் இருக்கு. காஞ்சிபுரத்துல பாராகிளைடிங் வராது. ஊர் தட்டை. வடக்கே அரக்கோணத்துல கடற்படையோட ராஜாளி தளம், கிழக்கே தாம்பரம் விமானப்படை, மீனம்பாக்கம். ஆகாசம் ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல். எங்க ஊர் மேல நிம்மதியா வட்டமடிக்கிறது கருடன் மட்டும்தான். கும்பாபிஷேகத்தன்னைக்கு கோபுரத்துக்கு மேல கருடன் வட்டமிட்டா கன்னத்துல போட்டுக்கறோம் இல்லையா, அதே கருடனை பாராகிளைடிங்காரனும் அண்ணாந்து தேடுவான். இறக்கையை அடிக்காம அது மேல ஏறுதுன்னா, அங்க சூடான காத்து மேல எழும்புதுன்னு அர்த்தம். போய் அதே வட்டத்துல சேர்ந்துக்கலாம். அதுவும் ஒரு கும்பிடுதான்னு வச்சுக்குங்களேன்.

அப்ப என்னதான் வேணும்கறே?

ஆசைப்பட்டதைத் தெளிவா சொல்லிடறேன்.

தமிழ்நாடு அரசு 2015ல இருந்து பொள்ளாச்சி பக்கம் நடக்கிற சர்வதேச பலூன் திருவிழாவை 2025 ஜனவரியில திருவிடந்தைக்கும் மதுரைக்கும் சேர்த்துக் கொண்டு வந்தாங்க. திருவிடந்தை ஒரு காலத்துல எங்க மாவட்டம்தான். நல்ல விஷயம், குழந்தைங்க சந்தோஷப்பட்டாங்க. ஆனா பலூன் வெளிநாட்டுக்காரங்களுது, ஓட்டறவங்க வெளிநாட்டுக்காரங்க, நாம டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்த்துட்டு பஜ்ஜி தின்னுட்டு வந்தோம். திருவிழா முடிஞ்ச மறுநாள் தமிழ்நாட்டுல பறக்கத் தெரிஞ்சவங்க எண்ணிக்கை ஒண்ணாவது கூடியிருக்குமா?

இமாச்சலத்தைப் பாருங்க. மணாலியில அரசாங்கமே நடத்தற மலையேற்ற நிறுவனம் இருக்கு, அங்க பாராகிளைடிங்கும் சொல்லிக் கொடுக்கிறாங்க. பீர் பில்லிங்ல 2015ல உலகக் கோப்பைப் போட்டியே நடந்துச்சு, 2024ல மறுபடியும். அந்த மலை கிராமத்துப் பசங்க எத்தனை பேருக்கு அதான் இப்ப பொழப்பு. அங்கயும் விபத்து நடக்குது, விதிமுறையைத் திருத்தறாங்க, சண்டை போட்டுக்கறாங்க. ஆனா விளையாட்டு அவங்களுது ஆயிடுச்சு. மத்திய அரசும் 2022 ஜூன்ல தேசிய வான் விளையாட்டுக் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டாங்க. பாராகிளைடிங், பலூன், கிளைடிங், ஏரோமாடலிங், ஸ்கை டைவிங் எல்லாம் அதுல அடக்கம். 2030க்குள்ள இந்தியா உலகத்துல முன்னணியில வரணுமாம். நல்லா வரட்டும். காகிதம் மட்டும் காத்துல பறந்தா போதுமா?

நம்மகிட்ட ஏலகிரி இருக்கு. அங்க பாராகிளைடிங் விழாவெல்லாம் நடந்திருக்கு. விழா போதாது. ஒரு பயிற்சி மலை வேணும். வருஷத்துல காத்து ஒத்து வர்ற மாசங்கள்ல ஒவ்வொரு வாரக் கடைசியும் வகுப்பு. தமிழ்ல பாடம். ஏழைப் பசங்களுக்கு உதவித்தொகை. கட்டாய இன்சூரன்ஸ். லைசன்ஸ் இல்லாம டேண்டம் சவாரி விடறவனைப் பிடிச்சு உள்ள போடறது. வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பசங்க பயிற்றுநர் ஆகட்டும். காஞ்சிபுரத்துல இருந்து ஏலகிரிக்கு சனிக்கிழமை தறியை நிறுத்திட்டுக் கிளம்பினா ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். என் தம்பிக்கு இழப்பு ஒன்றரை நாள் கூலிதான். அது அவனால தாங்க முடிஞ்ச கணக்கு.

நடக்கற காரியமான்னு சிரிக்கிறவங்களுக்கு: அலைச்சறுக்கும் ஒரு காலத்துல வெள்ளைக்காரன் விளையாட்டுதான். கோவளத்து மீனவப் பசங்க பலகையைக் கையில எடுத்தாங்க. கடல் அவங்களுக்குத் தெரிஞ்ச கடல், புதுசா வேண்டியிருந்தது பலகை மட்டும்தான். 2023 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல உலக அளவிலான சர்ஃபிங் போட்டியே நடந்துச்சு. கடலைத் தெரிஞ்சவன் பிள்ளை அலை மேல நிக்கலாம்னா, நூலைத் தெரிஞ்சவன் பிள்ளை காத்து மேல உட்காரக் கூடாதா?

கலாம் ஐயாவே விமானப்படையில பைலட் ஆக ஆசைப்பட்டு, எட்டு இடத்துக்கு ஒன்பதாவதா வந்து திரும்பினவர்தான். நம்ம நாட்டுல பறக்கிறதுன்னா எப்பவும் ஒரு பரீட்சை, ஒரு வேலை, ஒரு செலக்‌ஷன். அந்த எட்டுப் பேரைத் தவிர மத்த எல்லாரும் தரையிலதான். அவருக்காவது ராக்கெட் கிடைச்சுது. மத்தவங்களுக்கு? வேலைக்காக இல்லாம, மெடலுக்காக இல்லாம, சும்மா ஆசைக்காக ஒருத்தன் ஒன்றரை நிமிஷம் பறக்கிறதுக்கு இந்த மாநிலத்துல ஒரு மலை இருக்கணும். நான் கேட்கறது அவ்வளவுதான்.

உங்க ஊர் பக்கம் நல்ல சரிவு, மேற்கேயோ கிழக்கேயோ பார்த்த மாதிரி, கரண்ட் கம்பி இல்லாம, கீழ வெட்டவெளியோட இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வேலூர், திருவண்ணாமலை, தேனி, தென்காசிப் பக்கத்துப் பதிவர்களே, உங்களைத்தான் கேட்கறேன். மனு எழுதறதுக்கு ஒரு பட்டியல் தயார் பண்ணிட்டிருக்கேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நேரா போய் மலையில இருந்து குதிச்சுடாதீங்க. முறையா கத்துக்கிட்டு, சரிபார்த்து, காத்துக்குக் காத்திருந்து போங்க. கீழ இறங்கினதும் மறக்காம வீட்டுக்கு போன் பண்ணுங்க. அங்க யாரோ அடுப்பு பத்த வைக்காம இருப்பாங்க.